வரிசை எண் 17: ‘கற்கள், பலவகை’ - ஒரு நிலவியல் துறைக்குத் திறந்த மடல்

துறைத் தலைவர் அவர்களுக்கும், கழிவுப் பொருள் அகற்றும் குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் நீங்கள் ஒட்டிய ஏல அறிவிப்பில் வரிசை எண் 17 இப்படி இருக்கிறது: ‘கற்கள், பலவகை, மரப்பெட்டிகளுடன்.’ அடுத்தது 18: ‘பழைய நோட்டுகள், எடைக்கு.’ உடைந்த பெஞ்சுக்கும் ஓடாத ஏர்கூலருக்கும் நடுவில் இவை இரண்டும் வந்திருக்கின்றன. அந்தப் பெட்டிகளை நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. இரண்டு முறை நேரில் வந்து சொன்னேன். மனுவும் கொடுத்தேன், பதிவேட்டில் எண் போட்டு வாங்கி வைத்தீர்கள். பதில் வரவில்லை. அதற்குள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பள்ளம் நிரம்பிவிட்டது.

பள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். செம்மண்ணுக்கும் செங்கல் உடைசலுக்கும் நடுவே, பெருவிரல் தடிமனில் கறுப்பு உருளைகள். சிலவற்றில் வெள்ளைப் பெயின்ட் அம்புக்குறி இன்னும் அழியவில்லை. குனிந்து பொறுக்கியதில் 11 கிடைத்தன. ‘இதை வெச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?’ என்று காவலாளி கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவை தொல்காந்த ஆய்வுக்காகத் துளைத்து எடுத்த கோர்கள். நீங்கள் நிலவியல் படித்தவர்கள், உங்களுக்குப் பாடம் நடத்த வரவில்லை. ஆனால் குழுவில் கணக்கு அலுவலரும் இருக்கிறார், பொதுப்பணிப் பிரிவிலிருந்தும் ஒருவர் இருக்கிறார். அவர்களுக்காக: பூமியின் பிளவுகளில் எரிகுழம்பு ஏறி உறையும்போது, அதிலிருக்கும் மேக்னடைட் துகள்கள் 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் அன்றைய பூமியின் காந்தப் புலம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் திசை கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை, அதாவது காந்தச் சரிவை, அளந்தால், அந்தப் பாறை உறைந்தபோது எந்த அட்சரேகையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். சரிவின் டேன்ஜென்ட், அட்சரேகையின் டேன்ஜென்ட்டைப் போல இரண்டு மடங்கு. இவ்வளவுதான் சூத்திரம். தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைகளை இப்படி அளந்துதான், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தியா தெற்கே 30 டிகிரிக்குப் பக்கத்தில் கிடந்தது என்று தெரிந்துகொண்டோம். கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் மூவரும் அந்த அளவீடுகளை வெளியிட்ட 1956-இல், கண்டங்கள் நகர்கின்றன என்பதைப் பெரும்பாலான நிலவியலாளர்கள் நம்பக்கூட இல்லை.

நம் பெட்டிகளில் இருப்பது அதைவிட மிகப் பழையது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து டைக்குகள், அதாவது பிளவில் ஏறிய எரிகுழம்பு சுவர் போல உறைந்த பாறைகள்.

‘அதான் எல்லாம் தீசிஸில் அச்சாகியிருக்கிறதே, பட்டியல் இணையத்திலும் கிடைக்கிறதே, கல்லை எதற்குக் கட்டிக் காக்க வேண்டும்?’ நேரில் வந்தபோது நீங்கள் கேட்டது இதுதான். நியாயமான கேள்வி. நான்கு வருடமாக, சம்பளம் எதுவும் இல்லாமல், தென்னிந்திய டைக்குகளின் தொல்காந்தத் தரவுகளை ஒரே பட்டியலாகத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். அச்சானவை, அச்சாகாத தீசிஸ்கள், மாநாட்டுச் சுருக்கங்கள் எல்லாவற்றையும். அந்த வேலையை ஆரம்பித்தபோது நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். எண்களைப் பார்த்து டைப் அடித்தால் முடிந்தது என்று.

முதல் வாரத்திலேயே ஒரு டைக் வங்காள விரிகுடாவில் போய் விழுந்தது. வரைபடத்தில் புள்ளி வைத்ததும் தெரிந்துவிட்டது: தீசிஸில் தீர்க்கரேகை 87 டிகிரி. களக் குறிப்பேட்டில் 78. தட்டச்சில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. சரி, இதைக் குறிப்பேடு இல்லாமலே ஊகித்திருக்கலாம். அடுத்தது அப்படியில்லை. ஒரே டைக்கின் இரண்டு இடங்களில் எடுத்த கோர்கள், ஒன்றில் காந்தச் சரிவு கீழ்நோக்கி, மற்றதில் மேல்நோக்கி. பூமியின் காந்தம் தலைகீழாகப் புரண்டதற்கான சான்று என்று அதை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரையே எழுதலாம். புரட்டல் தெரியும் தரவுக்கு மதிப்பும் அதிகம். எனக்குச் சந்தேகம் வந்து, ஸ்டோர் ரூமில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். கோரில் அம்புக்குறி பாறையின் உள்ளே போகும் பக்கம் காட்ட வேண்டும். அந்த ஒரு இடத்துக் கோர்கள் அத்தனையிலும் வெளியே காட்டியது. யாரோ ஒரு மாணவர் (நானாகவும் இருக்கலாம், கையெழுத்து யாருடையது என்று தெரியவில்லை) தலைகீழாகக் குறித்துவிட்டார். பூமி புரளவில்லை, பெயின்ட் பிரஷ்தான் புரண்டது. இதைச் சொல்ல உலகத்தில் அந்தக் கோர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மூன்றாவதைச் சொல்வதற்கு முன், கோர் எடுப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மரம் அறுக்கும் பெட்ரோல் இயந்திரத்தில் வைர முனைக் குழாயை மாட்டியிருப்போம். சூடு தணிக்க, பூச்சிமருந்து அடிக்கும் டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் பம்ப் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஜீப்பில் நான் ஒருத்திதான் பெண் என்பதால் பம்ப் வேலை எனக்கு. ஊர்க்காரர்கள் கூடிவிடுவார்கள். ‘போர் போடுறீங்களா? இவ்ளோ சின்னக் குழாய்ல தண்ணி வருமா?’ என்று ஒரு பாட்டி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. துளைத்த பிறகு, கோரை உடைத்து எடுப்பதற்கு முன்னால், அது எந்தத் திசையில், எவ்வளவு சாய்வில் இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். டைக்கின் கறுப்புக் கல்லான டோலரைட் தானே காந்தமுள்ள பாறை. மேட்டில் துருத்திக்கொண்டிருப்பதில் எத்தனையோ இடி விழுந்திருக்கும். பிரண்டன் திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனாலே ஊசி எங்கோ ஓடும். அதனால் சூரியத் திசைகாட்டி: ஒரு தட்டு, நடுவில் ஒரு ஊசி. நிழல் எந்தக் கோணத்தில் விழுகிறது, மணி என்ன, இந்த இரண்டையும் எழுதிக்கொண்டால் உண்மையான வடக்கைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம்.

நம் ஊர் அட்சரேகையில் சூரியத் திசைகாட்டிக்கு ஒரு வம்பு உண்டு. சித்திரையில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு வந்துவிடும், திரும்ப ஆவணி வாக்கில் ஒரு முறை. அப்போது நிழல் விரல் கடை அளவுகூட இருக்காது, திசையும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அந்த நேரத்தில் எடுத்த அளவை நம்பவே முடியாது. தீசிஸ் பட்டியலில் இது தெரியாது. அதில் திருத்திய திசை மட்டும்தான் இருக்கும். மற்ற எந்த டைக்கோடும் ஒட்டாமல் 30 டிகிரி விலகி நின்ற ஓர் இடத்தை என்ன செய்வது என்று மாதக்கணக்கில் குழம்பினேன். புது வயது டைக்காக இருக்குமோ, பின்னாளில் பாறை சுழன்றிருக்குமோ என்றெல்லாம் யோசித்தேன். குறிப்பேட்டில் ஒரே வரி: ஏப்ரல் கடைசி, மணி 12.10. நிழல் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்தக் குறிப்பேட்டைத்தான் எடைக்குப் போடப் போகிறீர்கள்.

நேரத்திலும் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குக்கு வைத்தது. 78 டிகிரியில் நிற்கும் நமக்கு உள்ளூர்ச் சூரியன் 18 நிமிடம் பின்னால் வரும். பழைய கணக்குகளில் இந்தத் திருத்தத்தைச் செய்தவர்களும் உண்டு, மறந்தவர்களும் உண்டு. நாளும் மணியும் நிழலும் கையெழுத்தில் இருக்கும்வரை இன்றைக்கும் எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிடலாம். சில பெட்டிகளில் நாள் குறிப்பிடாமல் விட்டிருந்தார்கள். கோரைச் சுற்றியிருந்த செய்தித்தாளின் தேதியை வைத்துப் பயணத்தைக் கண்டுபிடித்தேன். குப்பை என்று நீங்கள் நினைக்கும் அந்தப் பழுப்புத் தாள்கூட எனக்குத் தரவு.

இப்போது அளவீட்டுக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் நம் ஆய்வகத்தில் இருந்தது துண்டைச் சுழற்றிக் காந்தத்தை அளக்கும் ஒரு பழைய ஸ்பின்னர் காந்தமானி. அது ஒரு துண்டை அளந்து முடிக்க ஆகும் நேரத்தில் டீ ஆறிப் போகும். ஓர் இடத்துக்கு ஒரே ஒரு கோரைத்தான் படிப்படியாகக் காந்தம் நீக்கிப் பார்ப்போம். மற்றதெல்லாம் ஒரே படியில், 200 ஆயர்ஸ்டெட், இன்றைய அலகில் 20 மில்லிடெஸ்லா. பின்னாளில் ஏறிய காந்தப் பூச்சு அதிலேயே கழன்றிருக்கும் என்று ஒரு நம்பிக்கை. சில பாறையில் கழன்றிருக்கும், சிலவற்றில் கழன்றிருக்காது. இன்றைக்கு ஒவ்வொரு துண்டையும் பத்துப் பதினைந்து படிகளில் சூடாக்கி, சைடர்வெல்ட் 1967-இல் சொன்ன முறையில் வரைந்து, கிர்ஷ்விங்க் 1980-இல் தந்த கணக்கில் கோடு பொருத்திப் பார்க்காத தரவை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு தரவை நம்பலாமா என்று பார்க்க வான் டெர் வூ 1990-இல் வைத்த ஏழு தகுதிகளில் அதுவும் ஒன்று. அந்த ஏழும் 2020-இல் இன்னும் இறுக்கப்பட்டன.

ஆனால் நாங்கள் ஒவ்வொரு கோரையும் இரண்டு துண்டாக வெட்டினோம், ஏ என்றும் பி என்றும். அளந்தது ஏ. பி துண்டுகள் தொடப்படாமல் அப்படியே பெட்டியில் இருக்கின்றன. டைக்கின் சூட்டில் வெந்த பக்கத்து நைஸ் பாறையிலும் கோர் எடுத்தோம், தள்ளியிருந்த வேகாத நைஸிலும் எடுத்தோம். வெந்த நைஸின் காந்தம் டைக்கோடு ஒத்து, தள்ளியிருப்பது ஒவ்வாமல் இருந்தால், டைக்கின் காந்தம் அது உறைந்த அன்றைக்கே வந்தது என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. பணமும் நேரமும் இல்லாமல் அந்த நைஸ் கோர்களை அளக்கவே இல்லை. 30 வருடமாக விடை பெட்டிக்குள் கிடக்கிறது.

‘இவ்வளவு நாள் கிடந்ததில் காந்தம் கெட்டுப் போயிருக்காதா?’ என்று குழுவில் ஒருவர் கேட்டார். கேட்டதற்கு நன்றி. மேலோட்டமாக மெல்லிய பூச்சு ஒன்று ஏறியிருக்கும். நூறு, நூற்றைம்பது டிகிரி சூட்டில் பெரும்பாலும் போய்விடும். 200 கோடி ஆண்டு தாங்கியதை நம் ஸ்டோர் ரூம் ஒன்றும் செய்துவிடாது. நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

சரி, திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். போனேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், குறிப்பேட்டில் இருந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு போனேன். டோலரைட்டுக்குச் சந்தையில் கறுப்பு கிரானைட் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் வண்டியை நிறுத்திச் சாப்பிட்ட கரடு இப்போது ஐம்பது அடிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர். இன்னொரு இடத்தில் டைக்கின் நீளம் முழுக்க வெட்டி எடுத்துவிட்டார்கள், இரண்டு பக்கத்து நைஸ் சுவர் மட்டும் நிற்கிறது. அந்தக் கல் எங்கெங்கோ அடுப்பங்கரை மேடையாகவும் கல்லறைப் பலகையாகவும் பளபளத்துக்கொண்டிருக்கும். மெருகேற்றிய பலகையில் வடக்கு எது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. நான் போன 9 இடங்களில் மறுபடி கோர் எடுக்கக்கூடிய நிலையில் இருந்தவை 4. மற்ற இடங்களின் திசை தெரிந்த கல் உங்கள் ஸ்டோர் ரூமில் மட்டும்தான் மிச்சம். அதிலும் எவ்வளவு பள்ளத்துக்குள் போனது என்று எனக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

பழைய கல் ஒன்றுக்கு ஏன் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது என்பதற்குக் கனகபுரா பக்கத்து ஹாரோஹள்ளி டைக்குகளைவிட நல்ல உதாரணம் இல்லை. அவற்றின் வயது 80 கோடி ஆண்டு சொச்சம் என்றுதான் நாங்கள் படித்தோம். அந்த வயதை வைத்து, அந்தக் காலத்தில் இந்தியா ரொடினியா பெருங்கண்டத்தில் எங்கே ஒட்டியிருந்தது என்று படம் மேல் படமாக வரைந்தார்கள். 2008-இல் அந்தப் பாறையின் சிர்க்கான் துகள்களை யுரேனியம்-ஈயம் முறையில் அளந்தபோது வந்த வயது 119 கோடி ஆண்டு. காந்தத் திசை தப்பில்லை, வயதுதான் 35 கோடி ஆண்டுக்கு மேல் தள்ளிப் போனது. அந்தப் படங்களையெல்லாம் திரும்ப யோசிக்க வேண்டியதாயிற்று. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவிக் கிடக்கும் டைக்குகளில் பலவும் ஒரே கூட்டம், 237 கோடி ஆண்டுக்கு முன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தவை, அப்போது இந்த நிலம் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் இப்படித்தான் 2007 வாக்கில் உறுதியானது: செங்குத்தான காந்தச் சரிவு ஒரு பக்கம், துல்லியமான வயது இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே டைக்கிலிருந்து. எந்தக் கல்லில் காந்தம் அளந்தோமோ அதே கல்லில் வயதும் அளக்க வேண்டும் என்றால், அந்தக் கல் இருக்க வேண்டுமே.

தொகுப்பு என்று ஒன்று செய்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மெக்எல்ஹினியும் லாக்கும் தொகுத்த உலகத் தரவுத்தளமானாலும், ஹெல்சின்கியில் கேம்பிரியனுக்கு முந்தைய பாறைகளுக்கென்றே நடத்தும் பேலியோமேஜியா ஆனாலும், ஒவ்வொரு வரியிலும் எத்தனை இடம், எத்தனை கோர், எந்த முறையில் காந்தம் நீக்கினார்கள், களச் சோதனை உண்டா என்று கேட்கிறார்கள். மேஜிக் தரவுத்தளம் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு துண்டின் ஒவ்வொரு அளவீட்டையும் ஏற்றச் சொல்கிறது. சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு பிற்காலத்தில் எதையும் சரிபார்க்க முடியாது என்பதால்தான். 1953-இல் ஃபிஷர் கோளத்தின் மேல் சிதறும் திசைகளுக்கு என்றே ஒரு புள்ளியியல் முறையைத் தந்தார். நாம் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் தப்பாகக் குறித்த அம்பை அந்தக் கணக்கு கண்டுபிடித்துத் தராது.

உங்களுக்கு இடம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. கணினி வகுப்பில் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன். அந்த அறையைத் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தேன்: பள்ளத்துக்குப் போவதற்கு முன்னால் 800 கோர் சொச்சம். ஒரு கோர் இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கிடையாது. இடத்தை அடைப்பது கரையான் அரித்த அந்த மரப்பெட்டிகள்தான். தட்டுகளில் மாற்றி அடுக்கினால் எல்லாமே ஒரு இரும்பு பீரோவுக்குள் அடங்கும். குறிப்பேடுகள் மொத்தம் 23, மேல் தட்டு போதும். நான் கேட்பது அறை இல்லை, ஒரு பீரோ. ஏலத்தில் வரிசை எண் 9 ஒரு இரும்பு பீரோ என்பதையும் கவனித்தேன்.

எனவே நான் கேட்பது இவை. வரிசை எண் 17, 18 இரண்டையும் ஏலத்திலிருந்து இந்த வாரமே எழுத்துப்பூர்வமாக நீக்குங்கள். 9-ஐயும் நீக்கினால் நல்லது. சைக்கிள் ஸ்டாண்டுப் பள்ளத்தின் மேல் சிமெண்ட் போடுவதை நிறுத்தி வையுங்கள். நானும் பழைய மாணவர்கள் நான்கு பேரும் சனி, ஞாயிறில் வந்து தோண்டிச் சலித்து எடுத்துக்கொள்கிறோம், துறைக்குச் செலவில்லை. கோர்களுக்கும் குறிப்பேடுகளுக்கும் பட்டியல் போட, குறிப்பேடுகளைப் பக்கம் விடாமல் ஸ்கேன் செய்ய, மூன்று வாரம் ஸ்டோர் ரூம் சாவியை எனக்குத் தாருங்கள். ஸ்கேன் பிரதி ஒன்று துறைக்கு, ஒன்று நூலகத்துக்கு.

இவற்றை வைத்துக்கொள்ள முடியாது என்பதுதான் துறையின் முடிவு என்றால், அதையும் எழுதித் தாருங்கள். ஹைதராபாத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனமான என்.ஜி.ஆர்.ஐ. இருக்கிறது, பன்வேலில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனமான ஐ.ஐ.ஜி. இருக்கிறது. தொல்காந்தம் அளப்பவர்கள் இருக்கும் இடங்கள். துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால் நானே போய்க் கேட்கிறேன். தனி ஆளாகப் போய் ‘என்னிடம் 800 கல் இருக்கிறது’ என்றால் யார் வாங்குவார்கள்? அப்புறம், இனிமேல் மாதிரி, குறிப்பேடு, வரைபடம் எதைக் கழிவு செய்வதானாலும், அந்தப் பாடத்தில் ஆய்வு செய்த ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள். கணினியைக் கழிவு செய்யக் கணினிக்காரரைக் கூப்பிடுகிறீர்கள், கல்லுக்கு மட்டும் யாரையும் கூப்பிடவில்லை.

ஏல நாளுக்கு முன்னால் பதில் வேண்டும், எழுத்தில். பள்ளத்தில் பொறுக்கிய 11 கோர்களும் என் வீட்டில் இருக்கின்றன, எண்களையும் குறித்து வைத்திருக்கிறேன். அவை துறையின் சொத்து. பீரோ தயாரானதும் சொல்லுங்கள், கொண்டுவந்து ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் முன்னாள் ஆய்வு மாணவி